ஊர் பிரித்து வைத்த பங்கு

வைத்திக்குப்பத்துக் கரையில் பெரிய வலை ஏறிக்கொண்டிருந்தது. செல்வாம்பாள் ஈர மணலுக்கு இப்பால் தள்ளி நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கியவள், சொல்ல வந்ததை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

சொல்ல வந்தது இதுதான். எம்.எஸ்சி. வேண்டாம்.

சென்னையில் அவள் பி.எஸ்சி. முடித்த கல்லூரியிலேயே விலங்கியல் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும். ஆனால் இந்த வருஷம் லேபுக்கும் ஹாஸ்டலுக்கும் கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள். நோட்டீஸ் போர்டின் முன்னால் பெண்கள் கூட்டமாக நின்று முணுமுணுத்துவிட்டுக் கலைந்தார்கள். அறைத்தோழி சந்திரகலா, "அப்பாவுக்கு ஒரு டிரங்கால் போட்டாப் போறும்" என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போனாள். செல்வாம்பாளுக்கு டிரங்கால் போட ஆளில்லை. வீட்டுக்கு ஒரு கார்டு எழுதினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் காசிலிங்கம் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்லியிருப்பான்.

வாத்தியார் வேலைக்கான பி.டி. படித்தால் உதவித்தொகை உண்டு. ஒரே வருஷம். பிறகு புதுச்சேரியிலேயே பள்ளிக்கூட வேலை. ரயிலில் வரும்போது செங்கற்பட்டு தாண்டுவதற்குள் அதை முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்தபின் விழுப்புரம் வரைக்கும் யாரோடும் பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வலையின் மடி மணலில் வந்து விழுந்தது. நெத்திலி, காரப்பொடி, நடுநடுவே நாலைந்து கெளுத்தி. ஊர்ப் பெரியவரான நாட்டார் அரிகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். வலைக்காரருக்கு ஒரு குவியல். இழுத்தவர்களுக்கு ஒரு குவியல். கோயிலுக்குச் சின்னதாக ஒன்று. சிறு வயதிலிருந்து பார்த்த வேலைதான்.

அதற்குப் பிறகு அவர் இன்னொரு குவியல் பிரித்தார். அதன் மேல் ஒரு கொத்து வேப்பிலையை வைத்தார்.

"அது யாருக்குண்ணே?"

காசிலிங்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சிரித்தான். "உனக்குத்தான். அமாவாசையிலேருந்து பிரிக்கிறாங்க. அம்மா சொல்லல?"

"எனக்கா?"

"உன் படிப்புக்கு. காலேஜில காசு ஏத்திட்டான்னு எழுதினியே."

அரிகிருஷ்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "வா பாப்பா. இந்தக் குப்பத்துல கோயிலுக்குப் பிரிச்சிருக்கோம். கடலோட போனவன் வூட்டுக்குப் பிரிச்சிருக்கோம், உங்கப்பனுக்குப் பிரிச்ச மாதிரி. படிப்புக்குப் பிரிக்கறது இதான் மொதலு. அம்மன் பேர்ல வேப்பிலை வெச்சாச்சி. இனிமே இதுல ஒருத்தனும் கை வெக்க மாட்டான்."

செல்வாம்பாள் குவியலைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். செங்கற்பட்டுக்கு முன்னால் கீழே வைத்த ஒன்றை யாரோ எடுத்துத் திரும்பவும் அவள் கையில் கொடுத்தது போல் இருந்தது.

வலை இழுத்தவர்களில் ஒருவனான பக்கிரி வலது கையை நீட்டிக்கொண்டு வந்தான். கெளுத்தி முள் குத்தி உள்ளங்கை வீங்கியிருந்தது. "டாக்டரம்மா, இதக் கொஞ்சம் பாரேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க மாமா."

"டாக்டரே ஆஸ்பத்திரிக்குப் போன்னா நாங்க எங்க போறது?"

கேலி என்றுதான் அவள் நினைத்தாள். அவளும் சிரித்தாள்.

அம்மா தில்லையம்மாள் வேப்பிலையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, குவியலைக் கூடையில் அள்ளினாள். துணியைச் சுருட்டிச் சும்மாடு செய்து தலையில் வைத்தாள். நிறைந்த கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. இன்னொருவர் தூக்கிவிட வேண்டும். காசிலிங்கம் தூக்கிவிட்டான்.

"நானும் வர்றேம்மா" என்றாள் செல்வாம்பாள்.

"வா. வெயில் ஏறிடும்."

தலையில் கூடையோடு போகும்போது அம்மா திரும்பிப் பார்க்கவே மாட்டாள். பின்னால் வருகிறவளிடம் முன்னால் பார்த்தபடியே பேசுவாள். மீன் தண்ணீர் அவள் கழுத்தில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. நேர்நேரான தெருக்களில், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரைத் தாண்டி, பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தார்கள்.

அம்மாவுடைய இடம் ஒரு தூணுக்குப் பக்கத்தில். மீனைக் கொட்டித் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் ஒரு அம்மாள் வந்து நின்றாள். குதிகால் உயர்ந்த செருப்பு, கையில் குடை, பேச்சில் கொஞ்சம் பிரெஞ்சு.

"இவதானா தில்லை, உன் தொக்தேர் பொண்ணு?"

"நெத்திலி எடுத்துக்கங்க மதாம். காலையில புடிச்சது."

"எந்த வருஷம் படிக்கிறா?"

"தலையக் கிள்ளித் தரட்டுமா, அப்படியே எடுத்துக்கறீங்களா?"

அந்த அம்மாள் மீனோடு போனாள். போகும்போது செல்வாம்பாளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனாள். செல்வாம்பாளுக்குக் காது சுட்டது.

"அம்மா. நான் டாக்டருக்குப் படிக்கல."

"தெரியும்."

"ஊருக்குத் தெரியுமா?"

அம்மா மீனின் மேல் தண்ணீர் தெளித்தாள். "யாரும் கேக்கல."

"டாக்டரம்மான்னு கூப்புடறாங்க. நான் கேலின்னு நெனச்சேன்."

"நானா சொன்னேன்? நாட்டார் வூட்டுக்குப் போயி, எம் பொண்ணு தவளைய அறுத்து, அது நெஞ்சு அடிக்கறதப் பாத்துப் படிக்குது, இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும், காலேஜில காசு ஏத்திப்புட்டாங்கன்னேன். அப்ப டாக்டருக்கான்னாரு. நான் பேசாம நின்னேன்."

"ஏன் பேசாம நின்னே?"

"மீனைப் பத்திப் படிக்குதுன்னு சொல்லிட்டு மீன் பங்கு கேக்கச் சொல்றியா?"

பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"கார்டுல கடைசியா என்னா எழுதினே? எப்படியாவது பாத்துக்கறேன்னு. அந்த எப்படியாவதுல எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் வரல. வயசுப் பொண்ணு மெட்ராசுல எப்படியாவது என்னாத்தப் பாத்துக்குவே?"

செல்வாம்பாள் தரையைப் பார்த்தாள். கார்டில் மிச்சமிருந்த இடத்தை நிரப்பத்தான் அந்த வரியை எழுதியிருந்தாள்.

"இது ஏமாத்தறதும்மா."

"ரெண்டு வருஷம் ஓடிப்புடும். நீ போயிப் படி. ஊருல இருந்து கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லப்போறது நானு." அம்மா தராசை எடுத்தாள். "யாரோ வர்றாங்க. மூஞ்சத் தொடச்சிக்க."

செல்வாம்பாள் தனியாகத் திரும்பி நடந்தாள். வெயில் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை முடிந்து போகும்போது, ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் இந்தக் கடல் தண்ணீரை எடுத்துப் போனாள். லேபில் எல்லோரும் போனபின் அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். கண்ணாடி போன்ற உடம்புகள். ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று. ஒரு துளிக்குள் அத்தனை பசி. அன்று ராத்திரி சாப்பிடும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சந்திரகலாவிடம் சொல்லலாம் என்றால், எங்கே எடுத்த தண்ணீர் என்று கேட்பாள். பிறகு வீடு எங்கே, அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்பாள். ஊருக்கு வந்தபோது அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். "அதத்தான் நாங்க குளிச்சி வாய் கொப்புளிக்கிறோமா?" என்று அவன் காறித் துப்புவது போல் நடித்தான். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

யாரிடமும் சொல்லாமலே அது அவளுக்குள் இருந்தது. அதற்குத்தான் எம்.எஸ்சி. அதை அறுத்துப் போட்டுவிட்டு பி.டி.க்குப் போக நேற்றுத் துணிந்திருந்தாள். இன்று காலை ஒரு வேப்பிலைக் கொத்து அதைத் திருப்பிக் கொடுத்தது. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

குப்பத்துக்குள் நுழைந்ததும் சொர்ணம் வாசலில் நின்று கூப்பிட்டாள். போன மழைக்காலத்தில் மூத்த பிள்ளையை வாந்தி பேதிக்குப் பறிகொடுத்தவள். இப்போது இருப்பது இரண்டு வயதுப் பெண் ஒன்றுதான். அதற்குப் பேர்கூட ஒழுங்காக வைக்கவில்லை, சின்னப்பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"செல்வா, உள்ள வா. உனக்குத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கரைக்கு வந்தேன், அதுக்குள்ள நீ மார்க்கெட்டுக்குப் போயிட்டேன்னாங்க."

குழந்தை பாயில் கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது. அழவில்லை.

"எப்போலேருந்துக்கா?"

"நேத்துக் காலையிலேருந்து போவுது. வாந்தியும். அவரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவலான்னாரு. நான்தான், சாயங்காலம் நம்ம செல்வா வருதாம், நம்ம வூட்டு டாக்டரு இருக்கச்சே அங்க போயி எதுக்கு நிக்கணும்னேன். ராத்திரி நீ அசந்து தூங்குறேன்னு உங்கம்மா சொல்லிச்சி. சரி, காலையில பாத்துக்கலான்னு இருந்தேன்."

சொர்ணம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன மருந்து என்று கேட்கிற முகம்.

"மூத்திரம் போச்சா?"

"காலையிலேருந்து இல்ல."

செல்வாம்பாளுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "கிளம்புக்கா. உடனே ஆஸ்பத்திரிக்கு."

"நீ பாக்கல?"

"கிளம்புக்கா."

ஆஸ்பத்திரியில் மற்றவர்களோடு மற்றவர்களாக வரிசையில் நின்றார்கள். அவள் குழந்தையின் வாயில் ஈரத்துணியைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு வரிசையிலிருந்து உள்ளே கூட்டிப் போனாள். காலில் ஊசி குத்தி, தொங்கவிட்ட பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். டாக்டர் சின்ன வயசு.

"நேத்தே கொண்டுவந்திருக்கலாமே."

சொர்ணம், "இந்தப் பொண்ணு வரட்டும்னு இருந்தேன் ஐயா" என்றாள்.

அவர் செல்வாம்பாளைப் பார்த்தார். "நீங்க மெடிகல் ஸ்டூடன்ட்டா?"

"இல்லை."

"பின்னே?"

"ஜுவாலஜி" என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சாயங்காலம் ஆகிறபோது குழந்தை ஒரு தடவை அழுதது. நர்ஸ் சிரித்தாள். அழுகை வந்துவிட்டதென்றால் இனிப் பயமில்லை, காலை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றாள். சொர்ணமும் செல்வாம்பாளும் கட்டிலுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ டாக்டருக்குப் படிக்கலியா?"

"இல்லக்கா."

"பின்ன என்னா படிக்கிறே?"

"கடல்ல இருக்கறத. மீனு, மீன் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க."

சொர்ணம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு, அடுத்த சொட்டு.

"ஊரு கூடினன்னைக்கு மொதல்ல சரின்னது எங்க வூட்டுக்காரரு. நான்தான் சொல்லியனுப்பினேன்."

செல்வாம்பாள் குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள்.

"ஒரு ராத்திரி முழுக்க இத மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன் செல்வா. விடிஞ்சா நீ வந்துடுவேன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"நான் போறேன்க்கா" என்று எழுந்தாள். "வலை ஏறுறதுக்குள்ள போவணும்."

சொர்ணம் காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

செல்வாம்பாள் ஓடாத குறையாக நடந்தாள். நாட்டார் குவியல் பிரிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். முன்னால் சொல்லிவிட்டால் மீன் மற்ற குவியல்களோடு சேர்ந்து போகும். ஒன்றும் பெரிதாக இருக்காது. என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்கால வலை ஏறி, மடியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வளைத்து நின்றார்கள். ஏலம் எடுக்கப் பெண்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள். அம்மாவும் இருந்தாள்.

"பெரியப்பா."

யாருக்கும் கேட்கவில்லை. அரிகிருஷ்ணன் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். வலைக்காரருக்கு. இழுத்தவர்களுக்கு. கோயிலுக்கு. அவள் இன்னும் ஒரு அடி முன்னால் போனாள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் இப்படித்தான் ஆகும். தெரிந்த பதில் நாக்கில் நிற்கும்.

"பெரியப்பா."

அவர் நாலாவது குவியலைச் சேர்த்து, காது மடலில் வைத்திருந்த வேப்பிலைக் கொத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"என்னா பாப்பா?"

"நான் டாக்டருக்குப் படிக்கல."

முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. அது பின்னால் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் சத்தத்தை அவள் கேட்டாள். என்னா சொல்லுது? டாக்டர் இல்லியாம். இல்லியா?

"பின்ன என்னாத்துக்குப் படிக்கிறே?" என்றார் அரிகிருஷ்ணன்.

"மீனுக்கு."

பக்கிரி கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, "மீனப் படிக்க மெட்ராசுக்கா? காலையில எங்கூட கட்டுமரத்துல ஏறு. ஓசியில சொல்லித் தர்றேன்" என்றான்.

கரை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு ஒருவரிடம் முடிந்து இன்னொருவரிடம் தொடங்கியது. அவள் சிறு வயதிலிருந்து கேட்ட குரல்கள்தான் எல்லாம். ஒவ்வொன்றும் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். அத்தனை பேர் நடுவில், ஹாஸ்டலில் விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் வராந்தாவில் நிற்பது போல் நின்றாள்.

அரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "தில்லை. எங்கிட்ட நீ என்னா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அம்மா.

"அதான். ஒண்ணும் சொல்லல."

"காசு ஏத்திட்டாங்கன்னு எழுதினது நான் பெரியப்பா. அம்மா மேல தப்பில்ல" என்றாள் செல்வாம்பாள். "சொர்ணக்கா நேத்திலேருந்து புள்ளைய வெச்சிக்கிட்டு எனக்காக உக்காந்திருந்தாங்க. இப்ப ஆஸ்பத்திரியில இருக்காங்க."

சிரிப்பு நின்றது.

அவர் துண்டால் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "கோரிமேட்டுப் பக்கம் டாக்டரு காலேஜுக்குப் புதுசு புதுசா கட்டறாங்களே. அதுல சேந்துடேன் பாப்பா. உன் மார்க்குக்குக் குடுக்க மாட்டானா? ரெண்டு வருஷம் இல்ல, அஞ்சு வருஷம் ஆனாலும் ஊரு பிரிக்கும். என்னா சொல்றீங்கப்பா?"

யாரும் மறுக்கவில்லை. எல்லாக் கண்ணும் அவள் மேல் இருந்தது. அம்மாவின் கண்ணும். சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். எல்லாம் நேராகிவிடும். அம்மா பொய் சொன்னவள் ஆகமாட்டாள். அண்ணன் தலைநிமிர்ந்து வலை இழுப்பான். யாருடைய குழந்தையாவது எப்போதாவது பிழைக்கும்.

அவளுக்கு அந்த ஒரு சொட்டுத் தண்ணீர் ஞாபகம் வந்தது. அதை இந்தக் கரையில் எப்படிச் சொல்வது?

"முடியாது பெரியப்பா. எனக்கு அது வராது."

"வராதா, வேணாமா?"

"வேணாம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. நாளையிலேருந்து பிரிக்கல. இன்னைக்கு வேப்பிலை வெச்சாச்சி. வெச்சதத் திருப்பிக் கூட்டற வழக்கமில்ல. இது உன்னுது. எடுத்தா எடு, கெடந்தாக் கெடக்கட்டும். தள்ளுங்கப்பா, ஏலத்தப் பாப்போம்."

மற்ற குவியல்கள் ஏலம் போயின. அந்த ஒன்றைச் சுற்றிக்கொண்டு, மிதித்துவிடாமல், பார்க்காமல் நடந்தார்கள். கூடைகள் நிறைந்து ஒருவர் ஒருவருக்குத் தூக்கிவிட்டு, ஒவ்வொருவராகப் போனார்கள்.

காசிலிங்கம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டினான். நின்றான்.

"நானுந்தான் டாக்டருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றான்.

"அண்ணே—"

"அன்னைக்குத் தண்ணிக்குள்ள பூச்சின்னு சொன்னியே. நோவு வர்ற பூச்சின்னு நெனச்சேன். மரத்துல போறவன் வர்றவங்கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்." அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டான்.

அம்மா கடைசியாகப் போனாள். காலிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பக்கமாக வந்து, குவியலுக்கு அந்தப் பக்கம் குனிந்து நிமிர்ந்து, குடிசைகளை நோக்கி நடந்தாள்.

செல்வாம்பாள் மணலில் உட்கார்ந்தாள். காக்கைகள் கிட்ட வந்தன. கையை வீசினாள். எழும்பித் திரும்பவும் உட்கார்ந்தன. கடல் மேல் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. நெத்திலியின் பக்கவாட்டில் ஓடும் வெள்ளிக்கோடு மட்டும் இன்னும் மினுங்கியது. இன்னும் சற்று நேரத்தில் வயிறு உடைய ஆரம்பிக்கும். சின்ன மீன் காத்திருக்காது.

இந்த மீனை அவள் எடுக்கக் கூடாது. டாக்டருக்கென்று பிரித்தது. எடுக்காமலும் இருக்கக் கூடாது. வேறு யாரும் தொடமாட்டார்கள்.

காலடிச் சத்தம் கேட்டது. சொர்ணம். இடுப்பில் கூடை.

"மாமியார அங்க உக்கார வெச்சிட்டு மாத்துத் துணி எடுக்க வந்தேன். வழியெல்லாம் சொன்னாங்க." கூடையை மணலில் வைத்தாள். "அள்ளு."

"இது நான் எடுக்கலாமாக்கா?"

"என்னாத்துக்குப் பிரிச்சாங்களோ அது எனக்குத் தெரியாது. ஆளுங்க கை காச்சி இழுத்த மீனு. நாறிப் போவ வுடலாமா?"

"புள்ள எப்படியிருக்கு?"

"தண்ணி கேட்டுச்சி. அள்ளு, இருட்டப்போவுது. வெளக்கு வெச்ச பின்னாடியும் கொஞ்ச நேரம் வாங்குவாங்க."

செல்வாம்பாள் இரண்டு கையாலும் அள்ளினாள். அந்தப் பக்கத்து மீனை அள்ளும்போது கையில் துணி தட்டுப்பட்டது. வட்டமாகச் சுருட்டி, முடிச்சு அவிழாமல் வைத்திருந்தது. அம்மாவின் சும்மாடு. இன்னும் ஈரமாக இருந்தது.

அம்மா எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகிறவள் இல்லை.

செல்வாம்பாள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். இருவரும் கூடையைப் பிடித்தார்கள். சொர்ணம் மூச்சைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கனம் கழுத்தில் இறங்கி முதுகுத்தண்டு வழியாகக் கால் வரைக்கும் போயிற்று. மணலில் பாதம் புதைந்தது.

"நிமிந்து நட. குனிஞ்சா சாஞ்சிடும்."

"நாளைக்கும் தூக்கி வுடுவியாக்கா?"

"நாளைக்கு உனக்குக் குவியல் ஏது?" என்றாள் சொர்ணம். வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

செல்வாம்பாள் நடந்தாள். மீன் தண்ணீர் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. குப்பம் முடிந்து தெரு தொடங்கும் இடத்தில் விளக்கு எரிந்தது. திங்கட்கிழமைக்குள் போட வேண்டிய பதில், சேருகிறேன் என்பது, அவளிடம் இருந்தது. அதற்குக் கட்ட வேண்டிய பணம்தான் இல்லை.

விளக்கைத் தாண்டியபோது பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால், இடுப்பில் காலிக்கூடை உரசும் சத்தம். அவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. நின்றால் நின்றது.

தலையில் கூடை இருந்தது. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.